குறையும் முறையீடும்

மட்டக்களப்பு நகரை விட்டுக் கல்முனை வீதி வழியே தெற்கு நோக்கிச் செல்வோர், சிறிது தூரத்தில் வீதியின் நடுவே பேரீச்ச மரங்கள் நிரையாக நிற்பதைக் காண்பர். அதுவே காத்தான்குடி. மேற்கே வாவி, கிழக்கே வங்காள விரிகுடா, இடையே ஒடுங்கிய ஒரு மணல் நிலம். 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி அங்கு வாழ்ந்தோர் தொகை சுமார் 40,000. இத்துணைப் பேர் இத்துணைச் சிறிய நிலத்தில் நெருங்கி வாழுமிடத்துக் குறைகள் எழுவது இயல்பு. அக்குறைகளை யாரிடம், எவ்வாறு எடுத்துரைத்தால் பயன் விளையும் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

இந்நெருக்கத்துக்கு நிலத்தின் ஒடுக்கம் மட்டும் காரணமன்று. பெண்மக்களுக்கு வீடு கொடுத்து மணம் முடித்து வைத்தல் கிழக்குக் கரையில் முஸ்லிம்களிடையேயும் தமிழரிடையேயும் நெடுங்காலமாக நிலவும் வழக்கம். தாய்க்கு ஒரு வீடாக இருந்த வளவு, மகள்மார் மூவருக்கு மூன்று வீடாகப் பிரிகிறது; பேத்திமார் காலத்தில் மேலும் பிரிகிறது. ஒழுங்கை ஒடுங்குகிறது. கிணறும் மலகூடக் குழியும் அருகருகே அமைகின்றன. வாடைக்காற்று மழை தொடங்கியதும், வடிய வழியின்றி வெள்ளம் முற்றத்தில் நிற்கிறது. ஆகவே வீட்டைப் பற்றிய முறைப்பாடு என்பது பெரும்பாலும் நிலத்தையும் நீரையும் பற்றிய முறைப்பாடேயாகும்.

எந்த நகர சபையிலும் நிகழக்கூடிய ஒரு காட்சியை எண்ணிப் பார்ப்போம். ஒரு தந்தை சபைக் கந்தோருக்கு வருகிறார். வடிகான் அடைபட்டு வீட்டுக்குள் நீர் புகுகிறது என்கிறார். மகளுக்கு முதலாம் வகுப்பில் இடம் கிடைக்கவில்லை என்றும் சேர்த்துச் சொல்கிறார். “காக்கா, பாடசாலை எங்கள் வேலையல்ல, வடிகானும் எங்களுடையதுதானோ என்று பார்க்க வேண்டும்” என்று எழுதுவினைஞர் விடை கூறுகிறார். தந்தை மனம் கசந்து திரும்புகிறார். எழுதுவினைஞர் சொன்னது பொய்யன்று. ஆயினும் பாதி உண்மையே. “இன்ன வாசலுக்குப் போங்கள்” என்னும் மறுபாதியை அவர் சொல்லவில்லை. மக்களுக்கு உண்டாகும் மனத்தாங்கலில் பெரும் பங்கு சொல்லப்படாத அந்த மறுபாதியிலிருந்தே பிறக்கிறது.

அவ்வாசல்கள் எவை? முதலில் வீட்டை எடுத்துக்கொள்வோம். நகர சபைகளுக்கு அடிப்படையானது 1939 ஆம் ஆண்டின் 61 ஆம் இலக்க நகர சபைகள் கட்டளைச் சட்டம். உள் வீதிகள், ஒழுங்கைகள், அவற்றின் வடிகான்கள், குப்பை அகற்றல் ஆகியன சபையின் பொறுப்பு. புதிதாக வீடு கட்டுவோர் வரைபடத்துக்குச் சபையின் அனுமதி பெற வேண்டும் என்னும் விதி, 1915 ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர அபிவிருத்திக் கட்டளைச் சட்டக் காலம் முதலே உள்ளது. ஆனால் பேரீச்ச மரங்கள் நிற்கும் பெருந்தெரு ஏ 4 நெடுஞ்சாலையாகும். அதன் பொறுப்பு வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியது. குழாய் நீர், தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையைச் சார்ந்தது. வீட்டுக் கடனும் வீடமைப்பு உதவியும், 1979 இல் சட்டத்தால் அமைக்கப்பட்ட தேசிய வீடமைப்பு அபிவிருத்தி அதிகார சபையைச் சார்ந்தவை. அரச காணி பற்றிய விடயம் பிரதேச செயலகத்துக்கு உரியது. அயலவரோடு உண்டான எல்லைப் பிணக்கு இவற்றுள் எதற்கும் உரியதன்று. அதனை ஊர்ப் பெரியோர் முன்னிலையிலோ, 1988 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த இணக்க சபையிலோ தீர்த்துக்கொள்வதே நன்று.

இனிக் கல்வி. உள்ளூராட்சி மன்றமே பாடசாலைகளையும் வாடகை வீடுகளையும் நடத்தும் நாடுகள் உண்டு. இங்கிலாந்து அவற்றுள் ஒன்று. இலங்கையில் நிலை வேறு. நகர சபை நூலகம் நடத்தலாம். பாடசாலை அதன் ஆட்சிக்கு உட்பட்டதன்று. 1987 இல் மாகாண சபைகள் தோன்றியபின், தேசிய பாடசாலைகள் நீங்கலான ஏனைய அரசாங்கப் பாடசாலைகள் மாகாணக் கல்வி நிருவாகத்தின்கீழ் வந்தன. காத்தான்குடிப் பாடசாலைகள் மட்டக்களப்பு மத்தி கல்வி வலயத்தில் அடங்கும். அங்குள்ள மத்திய கல்லூரியும் மீரா பாலிகாவும் தேசிய பாடசாலைகள். அவை மத்திய கல்வி அமைச்சுக்கு உட்பட்டவை. எனவே ஒரே ஊரில், அடுத்தடுத்த தெருக்களில் உள்ள இரு பாடசாலைகளைப் பற்றிய முறைப்பாடுகள் இரு வேறு வாசல்களுக்குச் செல்ல வேண்டியிருக்கும்.

முதலாம் வகுப்பு அனுமதியில் வீடும் கல்வியும் ஒன்றோடொன்று பிணைந்திருப்பதையும் இங்கே கவனித்தல் வேண்டும். பாடசாலைக்கு அண்மையில் வதிவோர் என்னும் பிரிவில் விண்ணப்பிக்கும் பெற்றோர், அவ்வதிவை வாக்காளர் இடாப்பினாலும் காணி உறுதி முதலிய பத்திரங்களாலும் நிறுவ வேண்டும். பிரிக்கப்பட்ட வளவுக்குத் தனி உறுதி எழுதாமலும், குடும்பத்தின் பெயரை இடாப்பிற் சரிபார்க்காமலும் இருந்தவர், பிள்ளைக்கு ஐந்து வயது நிறைந்தபின்பே அதன் விளைவை உணர்கிறார். இடம் மறுக்கப்பட்டால் மேன்முறையீடு செய்ய வழியுண்டு. அதற்குக் குறித்த தவணையும் உண்டு. தற்காலிகப் பட்டியல் வெளியானதும் மேன்முறையீட்டை எழுதிக் கொடுக்காமல், செல்வாக்குள்ளவரைத் தேடி அலைந்து நாளைக் கழித்தால், தவணை தவறிப்போகும். தவறிய தவணையின் நட்டம் தந்தைக்கன்று, பிள்ளைக்கே.

முறைப்பாட்டை எழுதும் விதம் எளிது. ஒரு கடிதத்தில் ஒரு குறையை மட்டும் எழுதுக. இடம், திகதி, நிகழ்ந்தது, வேண்டுவது ஆகிய நான்கையும் தெளிவாகக் கூறுக. ‘எங்கள் ஒழுங்கையில் வெள்ளம்’ என்று பொதுவாக எழுதுவதிலும், ‘இன்ன ஒழுங்கையில் இன்ன வீட்டு இலக்கத்துக்கு எதிரே வடிகான் மூடி உடைந்து மண் நிறைந்துள்ளது, மழைக்கு முன் துப்புரவாக்கித் தருக’ என்று எழுதுவது மேல். பிரதி ஒன்றை வைத்துக்கொண்டு, பதிவுத் தபாலில் அனுப்புக. நேரிற் கொடுத்தால் திகதி முத்திரையிட்ட பற்றுச்சீட்டுக் கேட்டுப் பெறுக. வடக்கு, கிழக்கு மாகாணங்களில் தமிழே நிருவாக மொழியாதலின், மொழி பற்றி எவரும் தயங்க வேண்டுவதில்லை.

விடை வராவிடின் என் செய்வது? 2017 பெப்ரவரி 3 ஆம் நாள் முதல் நடைமுறைக்கு வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டம் இங்கே கைகொடுக்கிறது. ‘என் கடிதத்தின்மீது எடுத்த நடவடிக்கை யாது?’ என்று சபையின் தகவல் அலுவலரை எழுத்தில் கேட்கலாம். ஏன் கேட்கிறீர் என்று அவர் காரணம் வினவ முடியாது. 14 வேலை நாட்களுக்குள் அவர் தம் முடிவை அறிவித்தல் வேண்டும். மறுத்தாலோ மௌனம் சாதித்தாலோ, குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமும், அதன்மேல் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம். சபையின் செயல் பற்றி மாகாண உள்ளூராட்சி ஆணையாளருக்கும் எழுதலாம். நிருவாக அநீதி எனின், 1981 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த நிருவாகத்துக்கான பாராளுமன்ற ஆணையாளர் இருக்கிறார். முன்பு பாராளுமன்ற உறுப்பினர் மூலமே அவரை அணுக வேண்டியிருந்தது. 1994 ஆம் ஆண்டுத் திருத்தம் பொதுமக்கள் நேரே முறையிட வழி திறந்தது.

இங்கிலாந்தில் உள்ளூராட்சி முறைப்பாடுகளுக்கென்றே 1974 ஆம் ஆண்டுச் சட்டத்தால் தனி ஆணையாளர் பதவிகள் உண்டாயின. அங்கும் பொதுவிதி ஒன்றுண்டு: முதலில் சபைக்கே எழுதி, குறையைத் திருத்த அதற்கு வாய்ப்பளிக்க வேண்டும், அதன் பின்னரே ஆணையாளர். இவ்வொழுங்கு நமக்கும் ஏற்றது. முதற் படியில் எழுதிய கடிதமே மேற்படிகள் அனைத்துக்கும் சான்றாகிறது.

வாய்ச்சொல்லை மட்டும் நம்பியிருத்தலின் தீங்கை அண்மைக் காலம் நன்கு காட்டியது. நாட்டின் உள்ளூராட்சி மன்றங்களின் பதவிக் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. 2025 மே 6 ஆம் நாள் தேர்தல் நடக்கும்வரை இரண்டாண்டுக்கு மேலாகத் தெரிவு செய்யப்பட்ட உறுப்பினர் இல்லை. நிருவாகம் செயலாளர் முதலிய உத்தியோகத்தரின் பொறுப்பில் இருந்தது. உறுப்பினர் வாயளவில் தந்த வாக்குறுதி அவரோடு போயிற்று. கோவையில் இருந்த கடிதமோ கோவையிலேயே இருந்தது.

கடமை குடிமக்களுக்கு மட்டும் உரியதன்று. முறைப்பாடுகளை இலக்கமிட்டுப் பதியும் ஒரு புத்தகம், தம்முடையதல்லாத கடிதத்தை உரிய கந்தோருக்கு அனுப்பி அதனை எழுதியவருக்கும் அறிவிக்கும் வழக்கம், மாதக் கூட்டத்தில் நிலுவையிலுள்ளவற்றைப் படிக்கும் ஒழுங்கு ஆகிய மூன்றுக்கும் பெருஞ்செலவு வேண்டுவதில்லை. ஒரே ஒழுங்கையிலிருந்து பத்துக் கடிதங்கள் வருமாயின், அடுத்த மாரிக்கு முன் எந்த வடிகானைத் தோண்ட வேண்டும் என்பதைச் சபைக்கு அறிவிப்பவை அக்கடிதங்களே.

அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பது பழமொழி. அழுகை தாயின் செவியில் விழுந்தாலன்றிப் பால் கிடைப்பதில்லை. உரிய வாசலறிந்து, உரிய காலத்தில், எழுத்தில் முறையிடும் குடிமகன் சபைக்குப் பகைவனல்லன். அதன் கண்ணுக்கு எட்டாததைக் காட்டும் துணைவனேயாவான்.