லேப்டாப் கேமரா மக்கர் பண்ணுதா? கடைக்கு ஓடும் முன் இதைப் பாருங்க!

கீரனூர்:
தமிழகத்தில் அரசு, அரசு உதவிபெறும் பள்ளி மாணவ-மாணவிகளுக்கு 2011-ம் ஆண்டு முதல் விலையில்லா லேப்டாப் வழங்கப்பட்டது. 2020-ல் கொரோனாவால் ஆன்லைன் வகுப்பு வந்தபோதுதான் அதில் உள்ள கேமராவின் அருமை பல வீடுகளில் தெரிந்தது. கீரனூர் போன்ற ஊர்களில் இருந்து வெளிநாடு போன மகனின் முகம் பார்க்கவும், வேலைக்கான இன்டர்வியூவுக்கும் இன்று அந்த கேமரா வேணும். நேரம் பார்த்து அது காலை வாரினால் என்ன செய்வது?

திரையின் மேல் விளிம்பு நடுவில் மிளகு அளவில் இருப்பதுதான் கேமரா. சில மாடல்களில் அதற்கு சின்ன மூடி உண்டு. அதை நகர்த்துங்க. கீபோர்டில் கேமரா படம் போட்ட பட்டன் இருந்தால் அதையும் அமுக்கிப் பாருங்க.

விண்டோஸ் 10, 11-ல் 'செட்டிங்ஸ்' போய், 'பிரைவசி' பகுதியில் 'கேமரா'வை 'ஆன்' செய்ய வேண்டும். வேறு புரோகிராம் கேமராவைப் பிடித்து வைத்திருந்தாலும் படம் வராது. எல்லாவற்றையும் மூடி ரீஸ்டார்ட் பண்ணுங்க.

அப்பவும் வரலையா? ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து 'டிவைஸ் மேனேஜர்' திறங்க. கேமரா பெயர் மீது கீழ்நோக்கிய அம்புக்குறி இருந்தால் 'எனேபிள்' கொடுக்கணும். மஞ்சள் முக்கோணம் என்றால் 'அன்இன்ஸ்டால்' செய்து ரீஸ்டார்ட் பண்ணினால், பெரும்பாலும் விண்டோசே டிரைவரை மீண்டும் போட்டுக்கொள்ளும். கண்ட கண்ட சைட்டில் டிரைவர் இறக்க வேண்டாம். வைரஸ் வரும்.

பெயரே காணோம் என்றால், திரை மூட்டு வழியாகப் போகும் வயர் கழன்றிருக்கலாம், கேமராவே பழுதாகியிருக்கலாம். அதற்குத்தான் மெக்கானிக் தேவை. பட்டனைத் தட்டவே பணம் கேட்டால் உஷார்!