தமிழ்நாட்டில் லுத்தரன் கல்லூரிகள்

லுத்தரன் கல்லூரிகள் என்பவை, மார்ட்டின் லூதரின் சீர்திருத்த மரபைப் பின்பற்றும் திருச்சபைகள் நடத்தும் உயர்கல்வி நிறுவனங்கள் ஆகும். லூதர் செருமனியில் விட்டன்பர்க் பல்கலைக்கழகத்தின் ஆசிரியராக இருந்தவர். அதனால் இம்மரபில் சபையும் வகுப்பறையும் தொடக்கத்திலிருந்தே சேர்ந்து வளர்ந்தன. தமிழ்நாட்டில் இம்மரபின் கல்விப்பணி 1706-இல் தரங்கம்பாடியில் தொடங்கியது. குரு ஆகும் தகுதி யாருக்கு உண்டு, யார் யாருடன் அமர்ந்து உண்பது என்னும் சாதிக் கேள்விகள் அதன் வரலாறு முழுவதும் தொடர்கின்றன.

தொடக்கம்

டென்மார்க் மன்னர் நான்காம் பிரடெரிக் அனுப்பிய பர்த்தலோமேயு சீகன்பால்கு, என்றிக் புளூட்சோ ஆகிய இருவரும் 1706 சூலை 9 அன்று தரங்கம்பாடிக்கு வந்தனர். சீகன்பால்கு செருமனியின் ஆலே பல்கலைக்கழகத்தில் பயின்றவர். அவர் 1707-இல் பெண்களுக்கான பள்ளியையும், 1716-இல் உள்ளூர் ஆசிரியர்களையும் உபதேசியார்களையும் உருவாக்கும் பயிற்சிப் பள்ளியையும் நிறுவினார். தமிழ்நாட்டு லுத்தரன் உயர்கல்வியின் வித்து இப்பயிற்சிப் பள்ளியே எனலாம்.

இவ்வாறு உருவானவர்களுள் ஆரோன் என்பவர் 1733-இல் குருவாக அபிஷேகம் பெற்றார். ஆனால் தஞ்சைப் பகுதியில் உழைத்த உபதேசியார் இராசநாயக்கனுக்கு அது கிட்டவில்லை. அவர் பறையர் சமூகத்தில் பிறந்தவர். பிற சாதிக் கிறித்தவர்கள் அவர் கையால் நற்கருணை பெறமாட்டார்கள் என்று மிஷனரிகள் அஞ்சினர். 1741-இல் தியோகு என்பவர் குருவானார்.

லைப்சிக் மிஷன் காலம்

1840 முதல் தரங்கம்பாடிப் பணியை, பின்னர் லைப்சிக் மிஷன் எனப்பட்ட செருமானிய அமைப்பு ஏற்றது. அதன் இயக்குநர் கார்ல் கிரவுல், மிஷனரிகள் பல்கலைக்கழகக் கல்வி பெற்றிருக்க வேண்டும் என்றும், மக்களின் மொழியையும் இலக்கியத்தையும் ஆழ்ந்து கற்க வேண்டும் என்றும் வலியுறுத்தினார். அவரே திருக்குறளை 1856-இல் செருமன் மொழியில் வெளியிட்டார். அதே கிரவுல், சாதியை ஒரு சமூக வழக்கமாகக் கருதி, அதை உடனே ஒழிக்கக் கட்டாயப்படுத்தக் கூடாது என்றார். மற்ற மிஷன்கள் பல இதைக் கடுமையாக எதிர்த்தன. தமிழுக்குக் காட்டிய மதிப்பும் சாதிக்குக் காட்டிய பொறுமையும் இக்காலத்தில் சேர்ந்தே இருந்தன.

தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை 1919-இல் தனிச் சபையாக அமைந்தது.

முதன்மைக் கல்லூரிகள்

தரங்கம்பாடி பேராயர் மாணிக்கம் லுத்தரன் கல்லூரி (த.பே.மா.லு. கல்லூரி), பொறையாறு: 1972-இல் தொடங்கப்பட்ட கலை அறிவியல் கல்லூரி. தரங்கம்பாடியின் முதல் இந்தியப் பேராயராக 1956-இல் பதவியேற்ற இராசா மாணிக்கத்தின் பெயரைத் தாங்கியது. அவர் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். சென்னை மாகாணத்தில் மிஷனரிகள் அளித்த கல்லூரிக் கல்வியே அவரது ஆய்வுப் பொருள்.

குருகுல் லுத்தரன் இறையியல் கல்லூரி, சென்னை: 1927-இல் தோன்றி, கீழ்ப்பாக்கத்தில் இயங்குகிறது. இந்திய லுத்தரன் சபைகள் பலவற்றுக்கும் பொதுவான கல்லூரியாக வளர்ந்தது. அரவிந்த் நிர்மல் தலைமையில் இங்கு அமைந்த தலித் இறையியல் துறை, அத்துறை நூல்களைத் தொகுத்து வெளியிட்டு, இந்திய அளவில் அறியப்பட்டது. இராசநாயக்கன் தகுதியற்றவராக ஒதுக்கப்பட்ட அதே மரபில், அவரைப் போன்றோரின் வாழ்வே இறையியலின் தொடக்கப் புள்ளியாயிற்று.

தமிழ்நாடு இறையியல் கல்லூரி, மதுரை: அரசரடியில் 1969 முதல் தென்னிந்தியத் திருச்சபையும் லுத்தரன் சபையும் சேர்ந்து நடத்துவது. இங்கு தமிழ்வழியில் இறையியல் கற்பிக்கப்படுகிறது.

வளாக வாழ்க்கை

இறையியல் கல்லூரிகள் விடுதியுடன் கூடியவை. காலை வழிபாடு, பாடகர் குழு, நூலகம், பொது உணவறை ஆகியவை அன்றாடத்தின் பகுதிகள். பல மாவட்டங்களிலிருந்தும் சாதிகளிலிருந்தும் வருவோர் ஒரே அறையில் தங்கி, ஒரே பந்தியில் உண்கின்றனர். ஊர்ச் சபையில் எளிதில் நடவாதது விடுதியில் பழக்கமாகிறது.

மதுரைக் கல்லூரியின் ஆசிரியர் தியோபிலஸ் அப்பாவு (1940–2005), 'பரட்டை அண்ணன்' என்று அறியப்பட்டவர். ஒரே உலையில் சமைத்துப் பகிர்ந்துண்ணும் வழக்கத்தை அவர் நற்கருணையோடு இணைத்துக் கற்பித்தார். பறையிசையையும் நாட்டுப்புற மெட்டுகளையும் வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். மாணவர்கள் வளாகத்துக்கு வெளியே ஏழை மக்களின் குடியிருப்புகளில் தங்கிப் பயில்வதும் இக்கல்லூரியின் பயிற்சியில் உண்டு.

பட்டமும் நிர்வாகமும்

கலை அறிவியல் கல்லூரி அரசுப் பல்கலைக்கழகத்தின் இணைப்பில் இயங்குகிறது. பாடத்திட்டமும் தேர்வும் பல்கலைக்கழகத்தினுடையவை. எல்லா மதத்தினரும் அங்கு பயில்கின்றனர். சிறுபான்மையினர் கல்வி நிறுவனங்களை நிறுவி நடத்தும் உரிமையை அரசியலமைப்பின் 30-ஆம் பிரிவு அளிக்கிறது. இறையியல் பட்டங்களை வங்காளத்தின் செராம்பூர் ஆட்சிப் பேரவை வழங்குகிறது. அதன் அடிப்படை, டென்மார்க் மன்னர் ஆறாம் பிரடெரிக் 1827-இல் செராம்பூர் கல்லூரிக்கு அளித்த பட்டயம். செராம்பூரும் தரங்கம்பாடியைப் போலவே 1845 வரை டேனியர் வசம் இருந்த ஊராகும்.