மலைப்பாதையும் மோட்டார் சைக்கிள் எஞ்சினும்

சித்தூரிலிருந்து திருப்பதி வழியாகத் திருமலைக்கு மோட்டார் சைக்கிளில் ஏறுவோர், பாதி மலையில் எஞ்சின் ‘இழுக்கவில்லை’ என்று குறைப்படுவதுண்டு. மலைக்காற்று மெலிந்திருப்பதால் கார்புரேட்டரை மலைக்கென மாற்றியமைக்க வேண்டும் என்பது பட்டறைகளில் கேட்கும் யோசனை. இதில் உண்மை எவ்வளவு என்று கணக்கிட்ட பின்னரே சீரமைக்கும் முறையைத் தேர்ந்தெடுத்தல் தகும்.

கடல்மட்டத்திற்கு மேல் திருப்பதி ஏறத்தாழ 160 மீட்டர் உயரத்திலும், திருமலை ஏறத்தாழ 850 மீட்டர் உயரத்திலும் உள்ளன. இவ்வேறுபாட்டினால் காற்றின் அடர்த்தி சுமார் 6.5 சதவீதம் குறைகின்றது. எஞ்சினின் சக்தியும் ஏறக்குறைய அவ்வளவு குறையும். இவ்விழப்பைத் திருகாணியைத் திருப்பி மீட்க இயலாது. இனிக் கலவையைப் பார்ப்போம். கார்புரேட்டரின் குறுகிய கழுத்தில் காற்று விரைந்து செல்லும்போது உண்டாகும் அழுத்தக் குறைவே பெட்ரோலை மேலே இழுக்கின்றது. எஞ்சின் உறிஞ்சும் காற்றின் கன அளவு மாறாதிருப்பின், பெட்ரோலின் அளவு காற்றடர்த்தியின் வர்க்கமூலத்தை ஒட்டியே குறையும். அதாவது, காற்று 6.5 சதவீதம் குறைய, பெட்ரோல் 3.3 சதவீதமே குறைகின்றது. ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடையில் 14.7 பங்கு காற்று என்றிருந்த கலவை 14.2 ஆகின்றது. பெரும்பாலான பெட்ரோல் எஞ்சின்கள் 12.5 முதல் 13 வரையிலான விகிதத்தில்தான் உச்ச சக்தியைத் தருகின்றன. ஆகவே இம்மாறுதலால் தீங்கில்லை. (உயர்நிலை வகுப்பில் வர்க்கமூலத்தின் பயனை விளக்க இது நல்லதோர் உதாரணம்.)

தீங்கு வேறிடத்தில் உள்ளது. மலைக்காகச் சிறிய ஜெட் பொருத்திய வண்டியைப் பின்னர்ச் சித்தூர்ச் சாலையில் கோடை வெயிலில் முழு வேகத்தில் ஓட்டினால், கலவையில் பெட்ரோல் குறைந்து எஞ்சின் அளவு மீறிச் சூடேறும். பிஸ்டன் சிலிண்டரில் இறுகலாம். அதன் தலை உருகித் துளைபடவும் கூடும். ஓடும் வண்டியில் பின்சக்கரம் திடீரெனப் பூட்டிக்கொள்வது உயிருக்கே ஆபத்தாகும்.

எனவே, கார்புரேட்டர் பொருத்திய வண்டிக்கு ஏற்ற முறை, தயாரிப்பாளர் குறித்த நிலைக்கே அதனைத் திருப்புவதாகும். 1955-இல் சென்னையில் தொடங்கப்பெற்ற என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தின் பழைய புல்லட் இன்றும் பலரிடம் உண்டு. அதில் முதலில் பார்க்க வேண்டியவை காற்று வடிகட்டி, வால்வு இடைவெளி, தீப்பொறி நேரம் ஆகியவை; ஜெட்டை இறுதியிலேயே தொட வேண்டும். தீப்பொறி முந்தினால், ஏற்றத்தில் த்ராட்டிலை முழுதும் திறக்கும்போது கிணுகிணுவென்னும் ஓசை எழும். இதுவே ‘நாக்கிங்’. உடனே த்ராட்டிலைக் குறைத்துக் கீழ்க் கியருக்கு மாற்றுதல் வேண்டும். இழுக்கவில்லை என்று வருவோருள் பலருக்கு உண்மையில் வேண்டுவது கீழ்க் கியர் ஒன்றே என்பது எம் கருத்து.

2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 விதிகளின்படி உருவான பெட்ரோல் உட்செலுத்து எஞ்சின்களில், உணர்விகள் காற்றின் அழுத்தத்தையும் புகையில் எஞ்சிய பிராணவாயுவையும் அறிந்து கலவையைத் தாமே திருத்துகின்றன. அவற்றின் கணினி அட்டவணையை மாற்றியெழுதும் முறை பந்தயத் திடலுக்கு ஏற்றதாகலாம். மலைப்பயணத்திற்கு அது வேண்டுவதில்லை. மேலும், பதிவுச் சான்றிதழிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளரின் மூல அமைப்பினின்று வேறுபடுமாறு வண்டியை மாற்றுவதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கின்றது.

கார்புரேட்டர் வண்டியின் கலவையை அறியக் கருவியில்லாவிடின், ஸ்பார்க் பிளக்கின் நிறமே போதும். மலையேறியவுடன் பாதுகாப்பான இடத்தில், சும்மா ஓடவிடாமல் எஞ்சினை நிறுத்தி, ஆறிய பின் பிளக்கைக் கழற்றிப் பார்க்கவும். இளம் பழுப்பு நிறம் சரியான கலவைக்கு அறிகுறி. கரிப்படிவு பெட்ரோல் மிகுதியைக் காட்டும். வெண்மையாக வெளிறியிருந்தால் காரணம் தெரியும்வரை அவ்வண்டியைச் சமவெளியில் விரைவாக ஓட்டலாகாது.