பிணத்துக்கு 27 டேக்!

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை அம்பத்தூர் ஏரிக்கரையில் நான் செத்துக் கிடந்தேன். பதறாதீர்கள், சினிமாதான்! எஸ்டேட் கம்பெனியில் என் பக்கத்து சீட்டு நண்பர்தான் டைரக்டர், கேமராமேன், எடிட்டர், டீ வாங்கி வருபவர் எல்லாமே. கேமரா? அவர் சட்டைப் பையில் இருந்த செல்போன்.

கொசு கடிக்க, பிணம் கண் சிமிட்ட... "பரவால்ல சார், ஒன் மோர்!"

மொத்தம் 27 டேக். ஃபிலிம் காலமாக இருந்தால் மூன்றாவது டேக்கிலேயே புரொடியூசர் என்னை நிஜமாகவே சாகடித்திருப்பார். 1000 அடி ஃபிலிம் 11 நிமிஷம்தான் ஓடும். வாங்கவும் காசு, லேபில் கழுவவும் காசு. கண் சிமிட்டினால் பணம் போச்சு! அதனால்தான் ஏவி.எம்., வாகினி கேட்டுக்கு வெளியே அத்தனை பேர் காத்துக் கிடந்தார்கள்.

இப்போது கேட்டே வேண்டாம். பாலாஜி சக்திவேலின் 'வழக்கு எண் 18/9' (2012) ஸ்டில் கேமராவில் எடுத்த படம். தேசிய விருதே வாங்கியது. கார்த்திக் சுப்பராஜும் நலன் குமாரசாமியும் கலைஞர் டி.வி.யின் 'நாளைய இயக்குநர்' நிகழ்ச்சியில் குறும்படம் காட்டி உள்ளே வந்தவர்கள். அமெரிக்காவில் ஷான் பேக்கர், 2015-ல் வந்த 'டேஞ்சரின்' படத்தை ஐபோனிலேயே எடுத்து முடித்துவிட்டார்.

பெரிய ஹீரோக்களுக்கு பூந்தமல்லி தாண்டி ஈ.வி.பி. ஃபிலிம் சிட்டியில் செட் போடுகிறார்கள். நம்ம நண்பர் அந்த வழியாக எத்தனையோ முறை பஸ்ஸில் போயிருக்கிறார். உள்ளே போனதில்லை. "இனிமே எதுக்கு சார் போகணும்?" என்கிறார்.

அதெல்லாம் சரி, படத்தை எங்கே ஓட்டுவது? பிரிண்ட் செலவு போச்சு என்று சந்தோஷப்பட்டால், டிஜிட்டல் காப்பியைத் திரையிட தனியாக ஒரு கட்டணம். அது அநியாயம் என்று 2018 மார்ச் 1 முதல் ஏப்ரல் வரை புதுப்படமே வெளியிடாமல் தயாரிப்பாளர்கள் ஸ்டிரைக் செய்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? பெரிய முதலாளிகளுக்கே அந்தப் பாடு. நம்ம ஆள் மனைவியின் செயினை அடகு வைத்தவர்.

"யூடியூப்ல போட்டுடுங்களேன். செலவே இல்லை!" என்றேன்.

"போடலாம் சார். ஆனா ராக்கி தியேட்டர்ல ஒரே ஒரு ஷோ... அவ பக்கத்துல உக்காந்து பாக்கணும். செயின் எங்க போச்சுன்னு அப்பதான் சொல்லப்போறேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வீட்டுக்கே தெரியாதா!

அடுத்த ஞாயிறும் வரச் சொல்லியிருக்கிறார். 27-வது டேக்கில் நான் அசையவே இல்லை. ஆனால் என் 'மனைவி' கதறி அழும்போது ஆவடி லோக்கல் ஹாரன் அடித்துவிட்டதாம்!