கீரை கண்ணுக்குப் போகும் வழி

முருங்கைக்கீரை கண்ணுக்கு நல்லது என்று பாட்டிமார் சொல்வது உண்மைதான். ஆனால் கீரையின் சத்து கண்ணைப் போய்ச் சேர்வதற்குள் எத்தனை உறுப்புகள் கைகொடுக்க வேண்டியிருக்கிறது!

கீரையின் பச்சைக்குள் பீட்டா கரோட்டின் என்ற ஆரஞ்சு நிறமி மறைந்திருக்கிறது. அது கொழுப்பில்தான் கரையும். எண்ணெயே சேராமல் வேகவைத்துத் தின்றால் பெரும்பகுதி வீணாகிவிடும். சிறுகுடல் சுவரில் அது வைட்டமின் ஏ-யாக மாறி, கல்லீரலில் இருப்பாகச் சேர்கிறது. அங்கிருந்து கண்ணுக்கு ஏந்திச் செல்ல ஒரு புரதம் வேண்டும். அதையும் கல்லீரலே செய்கிறது. சத்துக் குறைந்த குழந்தைக்கு அந்தப் புரதம் போதாமல் போனால், கல்லீரலில் இருப்பு இருந்தும் கண் பட்டினி கிடக்கும்.

விழித்திரையில் மங்கிய வெளிச்சத்தை உணர்வதற்கென்றே சுமார் 12 கோடி செல்கள் இருக்கின்றன. அவற்றில் உள்ள ரொடாப்சின் என்ற புரதத்தின் நடுவில், வைட்டமின் ஏ-யிலிருந்து பிறந்த ரெட்டினால் மூலக்கூறு வளைந்து உட்கார்ந்திருக்கும். ஒரே ஒரு ஒளித்துகள் பட்டாலும் அது சட்டென்று நிமிர்ந்துவிடும். ஒரு வினாடியை ஐந்து லட்சம் கோடிப் பங்காக்கினால் ஏறக்குறைய ஒரு பங்கு நேரம்! நிலா வெளிச்சத்தில் வாசலில் நிற்பவரை நாம் அடையாளம் காண்பது அந்த நிமிர்விலிருந்துதான் தொடங்குகிறது. விழித்திரையில் வைட்டமின் ஏ இருப்பதை 1933-இல் கண்டறிந்த ஜார்ஜ் வால்ட், பார்வையின் வேதியியலை விளக்கியதற்காக 1967-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இந்த வைட்டமின் குறைந்தால் முதலில் மாலைக்கண் வரும். முற்றினால் கருவிழி உலர்ந்து, கரைந்து, பார்வையே போகும். கண்ணோடும் அது நிற்பதில்லை. குடல், நுரையீரல் ஆகியவற்றின் உட்சுவரும் பலவீனமாகும். வயிற்றுப்போக்கும் தட்டம்மையும் உயிருக்கே உலை வைக்கும். திருச்சி மாவட்டத்தில் 15,000-க்கும் மேற்பட்ட சிறுவர்களிடையே நடந்த ஆய்வில், வாரந்தோறும் சிறிதளவு வைட்டமின் ஏ பெற்றவர்களிடம் இறப்பு 54 சதவீதம் குறைந்திருந்தது. 1990-இல் வெளியான இந்த முடிவை நம் ஊர்ப் பாடப்புத்தகங்களில் பெருமையோடு சொல்ல வேண்டும்.

இந்த உணவு இந்த உறுப்புக்கு என்று பிரித்துப் போடும் பட்டியல்கள் எனக்கு உவப்பில்லை. எந்த உறுப்பும் தனியாகச் சாப்பிடுவதில்லை. கீரையோடு எண்ணெயும், பருப்போ முட்டையோ சேரட்டும். ஒன்பது மாதம் முதல் ஐந்து வயது வரை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை அரசு இலவசமாகத் தரும் வைட்டமின் ஏ திரவத்தை உங்கள் வீட்டுக் குழந்தைக்குத் தவறாமல் கொடுத்துவிடுங்கள்.