பந்தல் நிழலில் இரண்டு நாள்

மேற்குச் சென்னையில், பாடிக்கும் அம்பத்தூருக்கும் நடுவில் இருக்கும் மண்ணூர்பேட்டையில் நிம்மதியாக உட்காரும் நேரம் யாருக்கும் எளிதில் வாய்ப்பதில்லை. ஒரு பக்கம் சி.டி.எச். சாலை இரவிலும் ஓயாது. இன்னொரு பக்கம் 1960களில் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டை. லேத் பட்டறை, பிரஸ் ஷாப், ஏற்றுமதி ஆடை நிறுவனம், பிறகு வந்து சேர்ந்த ஐ.டி. அலுவலகம் என்று எல்லாமே ஷிஃப்ட் கணக்கில் ஓடுகின்றன. அப்பா முதல் ஷிஃப்டிலும் அம்மா பொது ஷிஃப்டிலும் இருக்கும் வீட்டில், எல்லோரும் ஒன்றாகச் சாப்பிடுவதற்கே ஞாயிற்றுக்கிழமை வரவேண்டும். இப்படிப்பட்ட குடும்பங்கள் விடுப்பைச் சேர்த்து வைத்து வெளியூர் கிளம்பினால், பெரும்பாலும் போவது ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோதான். அங்கே என்ன நிலைமை என்பது நாடறிந்தது. கூட்டத்தைச் சமாளிக்க முடியாமல், சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் இரண்டு ஊர்களுக்கும் இ-பாஸ் முறை வந்தது. கொண்டை ஊசி வளைவில் மணிக்கணக்கில் நின்று, படகுத்துறையில் மறுபடியும் வரிசையில் நின்று திரும்புகிறவர்கள், போனதைவிடக் களைத்துப்போய்த்தான் வேலைக்குப் போகிறார்கள்.

உலகத்தில் பல நாட்டு மக்கள் இளைப்பாறுவதற்கென்றே தேடிப் போகும் இன்னொரு வகை இடம் உண்டு. அது திராட்சை விளையும் ஊர். பிரான்சின் செந்தெமிலியோன் பகுதியை அதன் திராட்சைத் தோட்டங்களுக்காகவே 1999இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அமெரிக்காவின் நாபா பள்ளத்தாக்கு விவசாயத்தோடு சுற்றுலாவாலும் வாழ்கிறது. நம் நாட்டிலும் இந்த வழக்கம் வேரூன்றிவிட்டது. நாசிக்கில் சூலா நிறுவனம் 2005இல் ஒயின் சுவைக்கூடம் திறந்தது. இன்று மும்பைக்காரர்கள் வார இறுதியில் அங்கே தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். பெங்களூருக்கு அருகே நந்தி மலை அடிவாரத்தில் 1988இல் தொடங்கிய குரோவர் தோட்டமும் அப்படியே. தமிழ்நாட்டில் அதற்கு ஈடான நிலம் தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கு. மேற்குச் சென்னையின் உழைக்கும் குடும்பங்களுக்கு இப்போது இருக்கும் விடுமுறை இடங்களில் மிகப் பொருத்தமானது அதுதான் என்பதும், ஒயினை நடுவில் வைக்காமலே அதை நல்ல திராட்சைச் சுற்றுலா நிலமாக்க முடியும் என்பதும் என் உறுதியான கருத்து.

திராட்சை ஊர்கள் மனிதரை ஏன் ஆற்றுகின்றன? ஒயின்தான் காரணம் என்று தோன்றலாம். அது உண்மையானால், பாட்டிலை வாங்கி வீட்டிலேயே வைத்துக்கொள்பவர்களுக்கு இந்தப் பயணம் தேவைப்படாது. தோட்டத்தின் தன்மையில்தான் விடை இருக்கிறது. திராட்சை கைக்கு எட்டும் உயரத்தில் வளர்க்கப்படும் பயிர். கவாத்து செய்வதும், தளிரைக் கட்டுவதும், குலையை வெட்டுவதும் பெரும்பாலும் கையால் நடக்கும் வேலை. அங்கே வேகத்துக்கு இடமில்லை, இரைச்சலும் குறைவு. பார்க்க வருபவருக்கு நடப்பதையும் உட்காருவதையும் தவிர வேறு வேலை இல்லை. மலையுச்சிக் காட்சிமுனையில் ஐந்து நிமிடம் நின்று படம் எடுத்துவிட்டு நகர்வதைப் போல இங்கே நகர முடியாது. ஒரு குலை எப்படி விளைகிறது என்று புரிந்துகொள்ளவே அரைநாள் ஆகிவிடும். அந்த அரைநாளில்தான் மனம் இறங்கி அமைதியாகிறது.

இதற்கு நல்ல சான்று ஜப்பானின் யமனாஷி மாநிலத்தில் இருக்கும் கட்சுனுமா. அந்நாட்டில் திராட்சை மிகுதியாக விளையும் பகுதி அது. 1877இல் அவ்வூர் இளைஞர்கள் இருவரைப் பிரான்சுக்கு அனுப்பி ஒயின் தயாரிப்பைக் கற்றுவரச் செய்தார்கள். ஜப்பானிய ஒயினின் கதை அங்கிருந்து வளர்ந்தது. ஆனால் டோக்கியோவிலிருந்து ரயிலேறி வரும் குடும்பங்களில் பலர் ஒயினுக்காக வருவதில்லை. அங்கே கொடியைத் தலைக்கு மேலே பந்தலாகப் படரவிட்டிருக்கிறார்கள். கட்டணம் செலுத்திவிட்டு, தோட்டக்காரர் கொடுக்கும் கத்தரிக்கோலை வாங்கி, பழுத்த குலையைத் தாங்களே வெட்டி, பந்தலடியில் உட்கார்ந்து குழந்தைகளோடு சாப்பிடுகிறார்கள். ஒயின் ஆலையும் அதே ஊரில் இருக்கிறது. விரும்புகிறவர் போகிறார், மற்றவர் பழத்தோடு திரும்புகிறார். பந்தல் முறையும், சாப்பிடுவதற்கென்றே விளையும் பழமும் கம்பத்துக்கும் கட்சுனுமாவுக்கும் பொது. ஆகவே நமக்குப் பாடம் அங்கே இருக்கிறது. ஐரோப்பாவைப் பார்த்து ஏங்க வேண்டியதில்லை.

கம்பத்தின் பெருமை பன்னீர் திராட்சை. தாவரவியலாளர்கள் மஸ்கட் ஹாம்பர்க் என்று அழைக்கும் இந்த இரகத்தை 1832இல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் தமிழகத்துக்குக் கொண்டுவந்தார் என்பது வழங்கிவரும் வரலாறு. 2023இல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, நாராயணத்தேவன்பட்டி, கூடலூர், ஆனைமலையன்பட்டி என்று பள்ளத்தாக்கின் ஊர்கள் பலவும் இந்தப் பழத்தை நம்பி வாழ்கின்றன. ஓடைப்பட்டிப் பக்கம் விதையில்லா திராட்சைக்குப் பெயர் பெற்றது. ஆனைமலையன்பட்டியில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் திராட்சை ஆராய்ச்சி நிலையமும் இயங்குகிறது. பன்னீர் திராட்சை மெல்லிய தோலும் நிறைந்த சாறும் கொண்டது. நெடுந்தூரப் பயணம் அதற்கு ஆகாது. கோயம்பேடு சந்தைக்கு லாரியில் வந்து, அங்கிருந்து தள்ளுவண்டிக்கு மாறி, சி.டி.எச். சாலையோரத்தில் நம் கைக்குக் கிடைக்கும்போது அதன் மணத்தில் பாதி போய்விட்டிருக்கும். காம்பு காய்ந்து பழம் உதிரத் தொடங்கியிருக்கும். பழத்தால் நம்மிடம் நல்லபடியாக வந்துசேர முடியாதபோது, நாம் அதனிடம் போவதுதான் நியாயம்.

கம்பத்துக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. நாட்டின் மற்ற திராட்சைப் பகுதிகளில் அறுவடை பெரும்பாலும் ஜனவரி முதல் ஏப்ரல் வரை. ஐரோப்பாவில் இலையுதிர்காலத்தில் சில வாரங்கள் மட்டுமே. கம்பத்திலோ ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு தோட்டத்தில் வெட்டு நடந்துகொண்டிருக்கும். கவாத்து செய்த நாளிலிருந்து சுமார் 120 நாளில் பழம் தயாராகிறது. இரண்டு ஆண்டில் ஐந்து மகசூல் எடுப்பவர்கள் உண்டு. ஆளுக்கொரு நாளில் கவாத்து செய்வதால், ஒரே காலையில் நான்கு தோட்டம் நடந்தால் பயிரின் வாழ்க்கை முழுவதையும் பார்த்துவிடலாம். முதல் தோட்டத்தில் இலையே இல்லாமல் பழுப்புக் கொடிகள் கம்பியைச் சுற்றிக் கிடக்கும். அடுத்ததில் கடுகளவு பூமொட்டுகள். மூன்றாவதில் கெட்டியான பச்சைக் காய்கள். நான்காவதில் கல்தூண்களுக்கு நடுவே, கையை உயர்த்தினால் எட்டும் உயரத்தில், நீலக்கருப்பாகக் குலைகள் தொங்கும். பழத்தின் மேல் விரல் பட்டால் அழியும் சாம்பல் பூச்சு படிந்திருக்கும். கீழே பெண்கள் உட்கார்ந்து வெட்டிய குலையை ஒரு கையில் தூக்கிப் பிடித்து, அழுகியதையும் வெடித்ததையும் சிறு கத்தரியால் நறுக்கித் தள்ளிவிட்டுப் பெட்டியில் அடுக்குவார்கள். இலைகளுக்கு ஊடே விழும் வெயில் உச்சிவேளையிலும் மென்மையாகவே இருக்கும். இந்தப் பந்தலடியில் ஒரு மணி நேரம் உட்காருவதற்குத்தான் இந்தப் பயணமே.

தோட்டத்தைத் தாண்டியும் பள்ளத்தாக்கில் பார்க்க நிறைய உண்டு. எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது தண்ணீர். மேற்கே கேரளம் நோக்கி ஓடிய பெரியாற்றைத் தடுத்து, மலையைக் குடைந்து சுரங்கம் வழியாகக் கிழக்கே திருப்பிய முல்லைப் பெரியாறு அணை 1895இல் முடிந்தது. அதைக் கட்டிய பென்னிகுவிக்கின் பெயரை இன்றும் பிள்ளைகளுக்குச் சூட்டும் ஊர்கள் இவை; லோயர் கேம்பில் அவருடைய மணிமண்டபம் இருக்கிறது. அந்தத் தண்ணீரில் கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கரில் இருபோக நெல் விளைகிறது. வயலும் தென்னையும் பந்தலும் மாறி மாறி வர, இருபுறமும் மலை நிற்கிறது. சுருளி அருவி அருகிலேயே. மேகமலைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சின்னமனூரிலிருந்து பாதை ஏறுகிறது. ஆனால் இரண்டு நாளில் எல்லாவற்றையும் முடித்துவிட வேண்டும் என்று பட்டியல் போட்டால், ஷிஃப்ட் கணக்கு இங்கேயும் வந்துவிடும். ஒரு நாள் தோட்டத்துக்கு, ஒரு நாள் அருவிக்கும் ஆற்றுக்கும் என்று வைத்துக்கொள்வது போதும்.

சென்னையிலிருந்து ஐந்நூறு கிலோமீட்டர் தூரம் அதிகமில்லையா என்பது முதல் கேள்வி. சில ஆண்டுகளுக்கு முன் இது நியாயமான தடையாக இருந்தது. அகலப்பாதை வேலைக்காக 2010 இறுதியில் மதுரை–போடி ரயில் நின்றுபோனது. 2022 மே மாதத்தில் தேனி வரையும், 2023 ஜூனில் போடிநாயக்கனூர் வரையும் ரயில் திரும்பி வந்தது. இப்போது சென்னை சென்ட்ரலிலிருந்து வாரத்தில் மூன்று நாள் போடி விரைவு ரயில் இரவில் கிளம்பிக் காலையில் தேனி சேர்கிறது. அங்கிருந்து கம்பம் பேருந்தில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலே. கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்திலிருந்து நேரடிப் பேருந்துகளும் உண்டு. இரவுப் பயணம் தூக்கத்தில் கழிவதால் பகல் வீணாவதில்லை. மலைப்பாதை வாந்தி மயக்கமும் இல்லை.

அடுத்த எதிர்ப்பு கனமானது. திராட்சைச் சுற்றுலா என்ற பெயரில் குடியை வளர்க்கப் பார்க்கிறீர்களா என்று கேட்பவர்களின் கோபத்தை நான் மதிக்கிறேன். சாராயமும் டாஸ்மாக்கும் எத்தனை வீடுகளைக் குலைத்தன என்று தொழிற்பேட்டைத் தெருக்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒயின் மென்மையானது, நாகரிகமானது என்ற வாதத்தை நான் வைக்கப்போவதில்லை. அதிலும் இருப்பது ஆல்கஹால்தான். மகாராஷ்டிரம் 2001இல் தனிக் கொள்கை வகுத்து ஒயின் தொழிலுக்குச் சலுகை கொடுத்தது. கர்நாடகம் 2007இல் பின்தொடர்ந்தது. தமிழ்நாட்டில் 2003 முதல் சில்லறை மது விற்பனை டாஸ்மாக் கையில் இருக்கிறது. பள்ளத்தாக்கில் ஒயின் ஆலை இருந்தாலும் நாசிக்கைப் போன்ற சுற்றுலா இங்கே வளரவில்லை. இதைக் குறையாகப் பார்ப்பவர்கள் உண்டு. நான் வாய்ப்பாகப் பார்க்கிறேன். பாட்டி, பேரன், கல்லூரி போகும் மகள் என்று மொத்தக் குடும்பமும் கூச்சமில்லாமல் வந்து உட்காரக்கூடிய திராட்சைச் சுற்றுலாவை இங்கே அமைக்கலாம். புதுப்பழச் சாறு, ஜாம், உலர்திராட்சை, பந்தலடியில் வாழையிலைச் சாப்பாடு ஆகியவற்றுக்கு மது உரிமம் தேவையில்லை.

விவசாயிக்கு இதில் என்ன கிடைக்கும், கூட்டம் வந்து கொடியைப் பிய்த்துப் போடாதா என்ற கேள்வியும் சரியானதே. பன்னீர் திராட்சை விவசாயியின் பெரிய துயரம், பழுத்ததும் விற்றாக வேண்டிய நெருக்கடி. மழை பெய்தால் பழம் வெடிக்கும்; வியாபாரி விலையைக் குறைப்பார்; வைத்திருந்து விற்க வழியில்லை. தோட்டத்து வாசலிலேயே வாங்குபவர் வந்து நின்றால், விளைச்சலில் ஒரு பங்காவது இடைத்தரகும் லாரி வாடகையும் இல்லாமல் காசாகும். தேக்கடிக்கும் சபரிமலைக்கும் போகிறவர்கள் வழியில் இறங்கித் தோட்டம் பார்த்துப் பழம் வாங்கும் வழக்கம் ஏற்கெனவே உண்டு. அதை ஒழுங்குபடுத்தினால் போதும். நுழைவுக் கட்டணம் வேண்டும். தோட்டக்காரர் காட்டும் வரிசையில் மட்டுமே வெட்ட வேண்டும். மருந்து தெளித்த தோட்டத்துக்குள், குறிப்பிட்ட நாட்கள் கழியும் வரை யாரையும் விடக்கூடாது; திராட்சைக்கு மருந்து அதிகம் அடிக்கப்படுகிறது என்பதை மறைக்காமல், கடைசியாகத் தெளித்த தேதியை வாசலில் எழுதி வைக்க வேண்டும். பார்வையாளர் கண் முன்னால் விளைவிக்கும்போது மருந்தைக் குறைக்கும் உந்துதலும் தானே வரும்.

கூட்டம் பெருகினால் கம்பமும் கொடைக்கானல் ஆகிவிடாதா? கவனக்குறைவாக விட்டால் ஆகும். ஆனால் இரண்டுக்கும் அடிப்படை வேறுபாடு உண்டு. மலை நகரத்தில் எல்லோரும் ஒரே ஏரிக்கும் ஒரே காட்சிமுனைக்கும் போகிறார்கள். இங்கே பார்க்க வேண்டியது பல ஊர்களில், நூற்றுக்கணக்கான தோட்டங்களில் பரவிக் கிடக்கிறது. மே மாதமும் டிசம்பர் மாதமும் மட்டுமே சீசன் என்ற நிலையும் இல்லை. பெரிய ரிசார்ட்டுகளுக்கு நிலத்தைக் கொடுக்காமல், தோட்டக்காரர் வீட்டிலேயே ஒன்றிரண்டு அறை ஒதுக்கித் தங்கவைக்கும் முறையை ஊக்குவித்தால் கூட்டமும் பரவும், பணமும் பரவும். 2023இல் வெளியான தமிழ்நாடு சுற்றுலாக் கொள்கை ஊரக, தோட்டச் சுற்றுலாவுக்கு முன்னுரிமை தருகிறது. அதைக் காகிதத்திலிருந்து களத்துக்குக் கொண்டுவரக் கம்பத்தைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

செய்ய வேண்டியது பெரிய முதலீடு கேட்கும் வேலையும் இல்லை. எந்த ஊரில் எந்தத் தோட்டம் இந்த வாரம் வெட்டுக்கு வருகிறது என்ற தகவலைத் தேனி மாவட்டத் தோட்டக்கலைத் துறை வாரந்தோறும் வெளியிடலாம். தேனி ரயில் நிலையத்திலிருந்து காலை ரயிலுக்கு இணைப்பாகச் சுருளிப்பட்டி வழியே பேருந்து விடலாம். விவசாயிகள் கூட்டாகச் சேர்ந்து கழிப்பறையும் சாறு பிழியும் கூடமும் அமைக்க மானியம் கொடுக்கலாம். அம்பத்தூர் தொழிற்பேட்டை நிறுவனங்கள் ஆண்டுச் சுற்றுலாவுக்குத் தொழிலாளர்களை அழைத்துப் போகும்போது இந்தப் பள்ளத்தாக்கையும் பட்டியலில் சேர்க்கலாம். நகரத்தில் உழைப்பவருக்கு ஓய்வும், கிராமத்தில் உழைப்பவருக்கு விலையும் ஒரே பயணத்தில் கிடைக்கிற இடங்கள் அதிகமில்லை. பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு வாங்கிக்கொடுத்த தமிழ்நாடு, அந்தப் பழத்தை விளைந்த இடத்திலேயே சாப்பிடும் உரிமையையும் சாதாரணக் குடும்பங்களுக்குத் திறந்துவிட வேண்டும்.