உருண்டையா, கூம்பா?

ராயல் என்ஃபீல்டின் சின்னத்தில் ஒரு பீரங்கி உண்டு. ‘துப்பாக்கியைப் போலச் செய்தது’ என்பது அந்த நிறுவனத்தின் பழைய விளம்பர வாசகம். 1955-இல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கி, திருவொற்றியூர் ஆலையில் புல்லட் வண்டிகள் உருவானபோது அந்தப் பீரங்கியும் வடசென்னைக்கு வந்து சேர்ந்தது. லண்டனுக்கு வடக்கே என்ஃபீல்டு என்ற ஊரில் பிரிட்டிஷ் அரசின் துப்பாக்கித் தொழிற்சாலை இருந்தது. ரெட்டிச் நகரத்து நிறுவனம் ஒன்று அதற்கு உதிரிபாகங்கள் செய்துகொடுத்து, 1890-களில் அந்த ஊர்ப் பெயரையே தன் தயாரிப்புகளுக்குச் சூட்டிக்கொண்டது. பெயர் வந்த கதை பலருக்கும் தெரியும். அந்தத் தொழிற்சாலையின் புகழ்பெற்ற 1853-ஆம் ஆண்டு ரைஃபிளில் போட்ட குண்டுக்கும் தென்னிந்திய ஊதுகுழல் ஒன்றுக்கும் இருக்கும் உறவு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. குண்டு ஏன் கோணலாகப் போகிறது என்பதைச் சோதனை செய்து காட்டிய மனிதர் நம் கடலூரில்தான் இறந்தார் என்பதும் அப்படியே.

இவற்றை இப்போது நினைக்க ஒரு காரணம் இருக்கிறது. இத்தாலியின் உபெர்த்தி, பியெத்தா போன்ற நிறுவனங்கள் கோல்ட், ரெமிங்டன் ஆகிய 19-ஆம் நூற்றாண்டு ரிவால்வர்களை அச்சு அசலாகச் செய்து விற்கின்றன. கருமருந்தைக் கொட்டி, ஈயக் குண்டை இடித்து இறக்கிச் சுடுகிற பழைய முறை. அதற்கென்று சர்வதேசப் போட்டிகளே நடக்கின்றன: 30 நிமிடத்தில் 13 குண்டு சுடலாம், அவற்றில் சிறந்த 10 மட்டும் கணக்கில் வரும். இந்த ரிவால்வருக்கு உருண்டைக் குண்டு நல்லதா, கூம்புக் குண்டு நல்லதா என்பது சுடுவோரிடையே ஓயாத கேள்வி. நம் நாட்டில் ஆயுதச் சட்டத்தின்படி உரிமம் இல்லாமல் இவற்றைத் தொட முடியாது. ஆனால் கேள்விக்குள் இருக்கும் இயற்பியல் எல்லோருக்கும் பொது. அதைத் தொடங்கி வைத்தவர்களில் இருவருக்குத் தமிழ் மண்ணோடு தொடர்பு உண்டு.

குழலின் வாய் வழியாகக் குண்டு போடும் துப்பாக்கியில் அடிப்படைச் சிக்கல் ஒன்று உண்டு. குண்டு உள்ளே இறங்க வேண்டுமானால் அது குழலைவிடச் சிறிதாக இருக்க வேண்டும். கிழக்கிந்தியக் கம்பெனி காலத்து மஸ்கட் துப்பாக்கியின் குழல் ஏறத்தாழ 19 மி.மீ.; குண்டு 17.5 மி.மீ. தான். ஒன்றரை மி.மீ. இடைவெளி. வெடித்த வாயுவில் ஒரு பங்கு அந்தச் சந்து வழியாக வீணாகும். குண்டும் குழலுக்குள் இங்கும் அங்கும் மோதிக்கொண்டே வரும். கடைசியாக எந்தப் பக்கம் உரசிவிட்டு வெளியேறுகிறதோ, அதற்கேற்ப ஒரு சுழற்சியை வாங்கிக்கொண்டு போகும். ஒரு முறை மேலே, ஒரு முறை இடப்பக்கம். சுடுகிறவன் எவ்வளவு கைதேர்ந்தவனாக இருந்தாலும் இதற்கு அவன் பொறுப்பில்லை.

இதைத் தெளிவாகக் கண்டுசொன்னவர் பெஞ்சமின் ராபின்ஸ். 1707-இல் இங்கிலாந்தின் பாத் நகரில் பிறந்த கணிதக்காரர். 1742-இல் பீரங்கிக் கலைக்குப் புதிய விதிகள் வகுத்து அவர் எழுதிய நூலை, மாபெரும் கணிதமேதை ஆய்லரே 1745-இல் விரிவான விளக்கங்களுடன் ஜெர்மனில் மொழிபெயர்த்தார். ராபின்ஸின் கருவி மிக எளியது: கனமான ஓர் ஊசல். குண்டு அதில் போய்ப் பதிந்ததும் ஊசல் பின்னால் ஆடும். ஆடிய தூரத்தை ஒரு நாடா அளக்கும். குண்டின் எடையும் ஊசலின் எடையும் தெரிந்தால், குண்டு வந்த வேகத்தை உந்தக் காப்பு விதியைக் கொண்டு கணக்கிடலாம். விநாடிக்கு ஏறத்தாழ 500 மீட்டர் என்று விடை வந்தது. ஒலியைவிட வேகம்! அதுவரை குண்டு கலிலியோவின் பரவளையப் பாதையில் போவதாகவே பீரங்கிக்காரர்கள் கணக்குப் போட்டுவந்தார்கள். காற்றின் தடை குண்டின் எடையைவிடப் பல மடங்கு என்று ராபின்ஸ் காட்டியதும் அந்தக் கணக்கு உடைந்துபோனது.

எனக்கு அதைவிடப் பிடித்தது அவருடைய இன்னொரு சோதனை. ஒரு மஸ்கட் குழலின் முனையை இடப்பக்கமாகச் சற்று வளைத்தார். எதிரே வரிசையாக மெல்லிய காகிதத் திரைகளை நிறுத்திவிட்டுச் சுட்டார். வளைந்த முனையில் குண்டு வலது சுவரை உரசியபடிதான் வெளியே வரும்; அந்த உரசல் அதை வலப்பக்கமாகச் சுழற்றும். திரைகளில் விழுந்த துளைகளை வரிசையாகப் பார்த்தால், குண்டு முதலில் இடப்பக்கம் கிளம்பி, பிறகு வலப்பக்கமாக வளைந்து போயிருந்தது. சேப்பாக்கத்தில் சுழற்பந்து காற்றிலேயே விலகிப் போகிறதே, அதே விசைதான் இது. மக்னஸ் விளைவு என்று பாடநூல்கள் சொல்வது 1850-களில் ஆராய்ந்த ஜெர்மானியரின் பெயரால். ராபின்ஸ் அவருக்கு நூறு ஆண்டு முந்தியவர்.

ஏதோ ஒரு பக்கம் சுழல்வதுதான் கோளாறு என்றால், எப்போதும் ஒரே பக்கம், அதுவும் பறக்கும் திசையையே அச்சாகக் கொண்டு சுழலவிட்டால் கோளாறு தீரும். குழலுக்குள் சுருள் பள்ளம், அதாவது புரி, வெட்டுவதன் பயன் அதுதான். 1747-இல் ராபின்ஸ் இதை ராயல் சொசைட்டியில் வாதிட்டார். புரிகுழலை முழுமையாகப் புரிந்துகொள்ளும் நாடு போரில் பெரும் மேலாதிக்கம் பெறும் என்றும் எழுதினார்.

மூன்றாண்டில் அவர் நம் கடற்கரையில் இருந்தார். 1746-இல் பிரெஞ்சுக்காரர்களிடம் இழந்த சென்னை 1749-இல்தான் கம்பெனிக்குத் திரும்பக் கிடைத்திருந்தது. கோட்டைகளைச் சீரமைக்கத் தலைமைப் பொறியாளராக ராபின்ஸை அனுப்பினார்கள். 1750-இல் வந்தவர் காய்ச்சலில் விழுந்தார். 1751 ஜூலை 29 அன்று கடலூர் தேவனாம்பட்டினத்துப் புனித டேவிட் கோட்டையில் இறந்தார். வயது 44. நவீன எறிபொருளியலின் தந்தை என்று உலகம் சொல்லும் ஒருவர் கெடிலம் கடலில் கலக்கும் இடத்துக்கு அருகே கண்மூடினார் என்பது நம் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தெரியவேண்டிய செய்தி. கடலூரின் வரலாற்றைக் கிளைவோடும் பிரெஞ்சுப் படையோடும் முடித்துக்கொள்வது அந்த ஊருக்கு நாம் செய்யும் குறை.

புரி போட்டாலும் பழைய சிக்கல் தீரவில்லை. குண்டு புரியைக் கவ்வ வேண்டுமானால் இறுக்கமாக இருக்க வேண்டும். இறுக்கமாக இருந்தால் வாய் வழியே இறக்கச் சுத்தியலால் அடிக்க வேண்டும். போர்க்களத்தில் அதற்கு நேரம் ஏது? இறங்கும்போது தளர்வாகவும் வெளியேறும்போது இறுக்கமாகவும் இருக்கும் குண்டு வேண்டும். முரணாகத் தோன்றும் இந்தத் தேவைக்கு வழி காட்டியவர் 34-ஆம் காலாட்படையின் கேப்டன் ஜான் நார்டன். அந்தப் படைப்பிரிவு 1820-களின் தொடக்கம்வரை சென்னை மாகாணத்தில் இருந்தது. தென்னிந்தியாவில் இருந்தபோது இங்குள்ளவர்கள் பயன்படுத்திய ஊதுகுழல் அம்புகளை நார்டன் கையிலெடுத்துப் பார்த்தார். அம்பின் அடிப்பாகம் தாமரைத் தண்டின் மென்மையான சோற்றுப்பகுதியால் ஆனது. ஊதும்போது அது குழலின் சுவரோடு விரிந்து ஒட்டி, காற்று கசியாமல் அடைத்துவிடும். நார்டன் அதையே ஈயத்தில் செய்தார்: நீண்ட உருளை வடிவக் குண்டு, அடியில் குழி. வெடிவாயு குழிக்குள் புகுந்து ஓரத்தை விரிக்கும். விரிந்த ஈயம் புரியைக் கவ்வும்.

பிரிட்டிஷ் ராணுவக் குழு அதை ஏற்கவில்லை. போருக்கு உருண்டைக் குண்டுதான் ஏற்றது என்று ஊறிப்போன எண்ணம். 1830-களில் இதே வழியில் வந்த துப்பாக்கி வினைஞர் வில்லியம் கிரீனருக்கும் அதே கதி. 1840-களின் இறுதியில் பிரெஞ்சு அதிகாரி மினியே இதே தத்துவத்தில் குண்டு செய்ததும் பிரிட்டன் அவருக்கு 20,000 பவுன் கொடுத்தது. 1853-ஆம் ஆண்டு என்ஃபீல்டு ரைஃபிளின் குண்டு இந்தப் பரம்பரையில் வந்ததே. குழலில் எளிதாக வழுக்கி இறங்க அதற்குக் கொழுப்புத் தடவிய காகிதம் சுற்றினார்கள். 1857-இல் சிப்பாய்கள் கிளர்ந்தெழ அந்தக் கொழுப்பு எப்படிக் காரணமானது என்பதை நாடறியும். இதற்கெல்லாம் வழிகாட்டிய ஊதுகுழல் அம்பைச் செய்த கைகளின் பெயர் எந்தப் பதிவிலும் இல்லை.

ஈயம் விரியும், எஃகு விரியாது. பெரிய பீரங்கிகளுக்கு எஃகுக் குண்டு வந்தபோது அதன் இடுப்பில் செம்புப் பட்டை கட்டினார்கள்; புரியைக் கவ்வும் வேலை அந்தப் பட்டைக்கு. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் 10.5 செ.மீ. பீரங்கிகளால் சென்னைத் துறைமுகத்தை ஒட்டிய பர்மா எண்ணெய்க் கம்பெனித் தொட்டிகளைக் கொளுத்தியபோது சீறிவந்தவை அத்தகைய குண்டுகள்தான். ராயபுரத்துக்காரர்களின் தாத்தாக்கள் பார்த்த தீ அது.

ரிவால்வர் இதே சிக்கலை வேறு வழியில் கடக்கிறது. அதில் குண்டை நீண்ட குழல் வழியாக இறக்க வேண்டியதில்லை. சுழலும் உருளையின் குட்டை அறைக்குள் இறக்கினால் போதும். அதனால் அறையைவிடப் பெரிய குண்டையே வைத்து, நெம்புகோலால் அழுத்தலாம். விளிம்பில் சிறு ஈய வளையம் ஒன்று சீவப்பட்டு வெளியே வரும். அது முழு வட்டமாக வந்தால் அறை சுற்றிலும் அடைபட்டது என்று பொருள். ஓர் அறையின் தீ பக்கத்து அறைக்குத் தாவாமலிருக்க இது முக்கியம். பாதுகாப்புக்கு மேலே கொழுப்பும் தடவுவார்கள்.

44 காலிபர் நகல்களுக்கு 0.451 அங்குலத்திலும் 0.454 அங்குலத்திலும் உருண்டைகள் கிடைக்கின்றன. பழைய ஃபிட்டர்கள் சொல்லும் ‘தவ்’ (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கணக்கில் மூன்று தவ் வித்தியாசம், மி.மீ.யில் 0.08. இது ஒரு பொருட்டா என்று கேட்கலாம். அறையின் விட்டம் 11.35 மி.மீ. என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். சிறிய உருண்டை அறைச் சுவரைத் தொடும் பட்டையின் அகலம் 1.55 மி.மீ.; பெரியதற்கு 2.04 மி.மீ. புரி கவ்வுவதற்கு ஏறத்தாழ 30 சதவீதம் கூடுதல் ஈயம் கிடைக்கிறது. பெரிய உருண்டைக்குப் பல சுடுவோர் மாறுவது வெறும் நம்பிக்கையால் அல்ல.

கூம்புக் குண்டுக்குக் கனம் அதிகம், சுவரைத் தொடும் நீளம் அதிகம், காற்றைக் கிழிக்கும் முனையும் உண்டு. ஆனாலும் பல நகல் ரிவால்வர்களில் அது உருண்டையிடம் தோற்றுவிடும். போதிய சுழற்சி இல்லாததே காரணம் என்று பலர் சொல்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. வூல்விச்சில் கணிதம் கற்பித்த கிரீன்ஹில் 1879-இல் தந்த சூத்திரப்படி, விட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு நீளமுள்ள 44 காலிபர் குண்டுக்கு ஏறத்தாழ 45 அங்குலத்துக்கு ஒரு சுற்று போதும். நகல்களின் குழல்களோ பெரும்பாலும் 16 முதல் 30 அங்குலத்துக்குள் ஒரு சுற்று தருகின்றன. சுழற்சி தேவைக்கும் மேலே இருக்கிறது. கோளாறு இறங்கும்போதே நேர்கிறது. உருண்டைக்கு அச்சு கிடையாது. எப்படி வைத்தாலும் அது நேர்தான். கூம்பு அறைக்குள் இம்மி சாய்ந்து இறங்கினாலும், சாய்ந்தபடியே புரியில் ஏறி, தள்ளாடிக்கொண்டு போகும். அடிப்பாகத்தைச் சற்றுச் சிறுத்து வார்த்த கூம்புகள் நேராக உட்காரும். அவற்றின் முடிவுகள் வேறாக இருப்பதும் இதனால்தான்.

எந்தக் குண்டு நல்லது என்று சோதிப்பதில் பெரும்பாலோர் தடுக்கி விழும் இடம் எண்ணிக்கை. இந்த வகையில் ஐந்து, அந்த வகையில் ஐந்து சுட்டு, துளைகளின் பரப்பைப் பார்த்துத் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். ஒரே துப்பாக்கி, ஒரே குண்டு, ஒரே கை என்றாலும் ஐந்து துளைகளின் அகலம் ஒரு முறை 37 மி.மீ. வரும், அடுத்த முறை 63 வரும். சராசரி 50 என்றால் இவ்வளவு ஏற்றஇறக்கம் இயல்பு என்கிறது புள்ளியியல். இரண்டு வகைக் குண்டுகளுக்கிடையே 20 சதவீத வித்தியாசத்தை நம்பிச் சொல்ல வேண்டுமானால், ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 50 குண்டாவது சுட்டு, மையத்திலிருந்து ஒவ்வொரு துளையின் தூரத்தையும் அளந்து சராசரி எடுக்க வேண்டும். இரு வகைகளையும் மாற்றி மாற்றிச் சுட வேண்டும். இல்லாவிட்டால் இரண்டாவதாகச் சுட்டது அழுக்கேறிய குழலையும் களைத்த கையையும் சுமக்கும். கனமான குண்டு தாளில் வேறு உயரத்தில் விழுவது சிதறல் ஆகாது. குறி இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

அழுக்கும் சாதாரணமானது அல்ல. வெடியுப்பு, கந்தகம், கரி மூன்றும் கலந்த கருமருந்து எரிந்தால் எடையில் பாதிக்கு மேல் திடப்பொருளாக மிஞ்சும். மிச்சத்தில் பெருமளவு பொட்டாசியம் உப்புகள். அவை ஈரத்தை இழுப்பவை. வறண்ட ஊரில் இந்த அழுக்கு இறுகிப்போய்க் குண்டைத் திசைமாற்றும். எண்ணூர் போன்ற கடற்கரை ஈரத்தில் இளகியே இருக்கும், ஆனால் அன்றே கழுவாவிட்டால் இரும்பைத் தின்றுவிடும். ஓர் ஊரின் சோதனை முடிவை இன்னொரு ஊரில் அப்படியே ஏற்க முடியாததற்கு இதுவும் ஒரு காரணம்.

ரிவால்வரில் ஆறு அறைகள். ஒரே குழலைப் பகிர்ந்துகொள்ளும் ஆறு துப்பாக்கிகள் என்றே அவற்றைக் கொள்ள வேண்டும். எந்தத் துளை எந்த அறையிலிருந்து வந்தது என்று எண் போட்டுக் குறிக்க வேண்டும். ஒரு வேளை ஐந்து அறைகள் சரியாகச் சுட, ஆறாவது மட்டும் குழலோடு நேர்கோட்டில் நிற்காமல் குண்டைச் சீவிக்கொண்டிருக்கலாம். பல நகல்களில் அறையின் வாய், குழலின் பள்ளம்வரையிலான விட்டத்தைவிடச் சிறிதாகவே கடையப்படுகிறது. அப்போது எவ்வளவு பெரிய உருண்டையை வைத்தாலும் அறை அதைச் சிறிதாக்கித்தான் குழலுக்கு அனுப்பும். மஸ்கட் காலத்து இடைவெளி பின்வாசல் வழியாகத் திரும்பி வந்துவிடும். ஆகவே முதல் குண்டைச் சுடுவதற்கு முன்பே ஆறு அறைகளின் வாயையும், மென்ஈயத் துண்டு ஒன்றைக் குழலில் தள்ளி எடுத்துப் பள்ளத்தின் விட்டத்தையும் மைக்ரோமீட்டரால் அளந்து எழுதிவைக்க வேண்டும். அந்த அளவுகள் கையில் இல்லையென்றால், தாளில் விழுந்த துளைகள் குண்டைப் பற்றிப் பேசுகின்றனவா, அறையைப் பற்றிப் பேசுகின்றனவா என்று பிரித்தறிய வழியில்லை.